காசு கட்டி நடக்கப்போற மருமவனுக்கு

மருமவனே, வாத்தியார் உத்தியோகம் கிடைச்சா புத்தி தன்னால வளரும்னு உங்கம்மா சொன்னா. வளர்ந்துதான் இருக்கு, இல்லைன்னு சொல்லல. கொழும்புல ஒருத்தன் குடையைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு முன்னால நடப்பானாம். நீயும், உன் பொண்டாட்டியும், டுபாயிலருந்து லீவுல வந்திருக்கிற உன் மச்சானும் அவன் பின்னால வரிசையா போவீங்களாம். அவன் நிக்கிற கடையில நின்னு, அவன் காட்டுறதுல ஒரு வாய் தின்னுட்டு, மறுபடி நடப்பீங்களாம். இதுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு டாலர் கணக்குல காசு கட்டியாச்சாமே. தோட்டத்துல எங்களுக்கெல்லாம் நடந்தாத்தான் பேரு, அதாவது நாள் சம்பளம், விழும். விடியக்காலம் ஆள் எண்ணுற பிரட்டுக்கு நின்னு, மலையேறி, கொழுந்தோட இறங்கி, தராசுல கொட்டினா ஒரு பேரு. கொறைஞ்சா அரைப் பேரு. இப்போ நடக்கிறவன் காசு குடுக்கிறான். நல்ல முன்னேற்றம்தான்.

2024 செப்டம்பர்ல வர்த்தமானி போட்டு நாள் சம்பளத்தை 1,350 ரூபா ஆக்கினாங்களே, அதுக்கு எத்தனை வருஷம் கத்தினோம்னு உனக்குத் தெரியும். நீ கட்டின காசை அந்தக் கணக்குல வகுத்து, உங்க அத்தை எத்தனை நாள் மலைக்குப் போகணும்னு ஒரு துண்டுத் தாள்ல போட்டுப் பார்த்தேன். வேணாம், தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். தெரிஞ்சா உனக்கு அங்க சோறு இறங்காது. கட்டின காசு வீணாப் போயிடும்.

இதுல புதுசு ஒண்ணும் இல்லேன்னும் சொல்லிக்கிறேன். கோப்பிக் காலத்துல நம்ம ஆளுங்க மன்னார்க் கரையில இறங்கி, காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, அதுக்கும் ஒரு வழிகாட்டி இருந்தான். கங்காணின்னு பேரு. அவனும் முன்னால நடந்தான், அவனும் நிக்கச் சொன்ன இடத்துல நிக்க வச்சான், வழியில சோறு போட்டான். போட்ட சோத்துக்கு, கப்பலுக்கு, கம்பளிக்குன்னு எல்லாத்தையும் கணக்குல எழுதிக்கிட்டான். அந்தக் கடனை அடைக்கவே பாதி ஆயுசு போச்சு. கடன் எவ்வளவுன்னு துண்டுன்னு ஒரு சீட்டுல எழுதி, ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாத்தினாங்க. 1921ல சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழிச்சாங்க. உன் குடைக்கார கங்காணி கொஞ்சம் தேவலை. காசை முன்னாடியே வாங்கிட்டான், கடன் சொல்லல.

வழிகாட்டி அனுப்பினதுன்னு நீ காட்டின தாளைக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். "உங்களுக்கு ஒத்துக்காத சாப்பாடு ஏதும் உண்டா?"ன்னு ஒரு கேள்வி. ரேஷன் மாவுல வளர்ந்த வம்சத்தைப் பார்த்து இப்படி ஒருத்தன் கேப்பான்னு உங்க தாத்தா கனவுல கூட நினைச்சிருக்க மாட்டாரு. நீ "இல்லை"ன்னு எழுதியிருக்கே. உன் பொண்டாட்டி "இறால்"னு எழுதியிருக்கா. போன தையில நம்ம வீட்டுக்கு வந்து இறால் குழம்பு ஊத்தித் தின்னது யாருன்னு நான் கேக்கல. படிச்ச புள்ளைங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஒத்துக்காம இருந்தாத்தான் மரியாதைன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன்.

அடுத்த வரி, "வெறும் வயித்தோட வாங்க." அங்கதான் நீ என் பேச்சைக் கேக்கணும். ருசி பாக்கிறதுன்னா என்னா? ஒரு வடையை நாலாக் கிள்ளி நாலு பேருக்குக் குடுப்பான். அதுக்கு முன்னால அந்த வடையோட பூர்வீகத்தைப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் சொல்லுவான். வெறும் வயித்தோட சரித்திரம் கேட்டா மயக்கம் வரும். எட்டியாந்தோட்டையில விடியக்காலம் ஹட்டன்லருந்து வர்ற கொழும்பு பஸ் ஏறுறதுக்கு முன்னால ரெண்டு தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல் வச்சுத் தின்னுட்டு ஏறு. உன் மச்சானுக்கும் குடு. அவன் டுபாயில எல்லாம் தின்னிருப்பான், சம்பல் தின்னிருக்க மாட்டான்.

கொழும்பைக் கால்வாய் நகரம்னு அந்தத் தாள்ல போட்டிருக்கான். பொய்யில்லை. ஒல்லாந்தன் தண்ணிக்கு நடுவுல பொறந்தவன். எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு வாய்க்கால் வெட்டாம அவனுக்குத் தூக்கம் புடிக்காது. 1656ல போர்த்துக்கீசப் பறங்கிகிட்டருந்து கொழும்பைப் புடிச்சான், 1796 வரைக்கும் வச்சிருந்தான். கோட்டை ராசா காலத்துலயே நீர்கொழும்புப் பக்கம் வெட்டின வாய்க்கால் உண்டு. ஒல்லாந்தன் அதையெல்லாம் இழுத்து நீட்டி, புத்தளத்துலருந்து கொழும்பு வரைக்கும் பாதைப் படகு போற அளவுக்கு ஆக்கினான். பின்னால வந்த இங்கிலீஸ்காரன் சும்மா இருப்பானா? 1802ல தொடங்கி 1804ல முடிச்சான், ஹமில்டன் கால்வாய். முத்துராஜவெல வயல்ல ஏறின உப்புத் தண்ணியை வடிக்கிறதுக்காம். உப்பும் போகல, வயலும் திரும்பல. இன்னைக்கும் அது சதுப்புதான். பேரு மட்டும் ஹமில்டன் துரைக்கு நிலைச்சிடுச்சு. துரைமாருங்க விசயத்துல இது வழக்கம்தான்.

ஒல்லாந்தனைக் கூட்டியாந்தது கண்டி ராசா ரெண்டாம் ராஜசிங்கன். பறங்கியை வெரட்ட இவனைக் கூப்பிட்டான். வெரட்டினான். ஆனா கொழும்பைக் குடுக்கல, தானே வச்சிக்கிட்டான். "இஞ்சி குடுத்து மொளகா வாங்கின கதை"ன்னு நம்ம கடைச் சந்தியில சிங்கள ஆளுங்க இன்னைக்கும் சொல்றாங்களே, அது இந்தக் கதைதான். வழிகாட்டி இதைச் சொன்னா நீ தலையாட்டு. அவன் சொல்லாம விடுற ஒண்ணும் இருக்கு. அந்த முற்றுகையில கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்ட சனம் மாசக்கணக்குல பட்டினி கிடந்து செத்திச்சு. ருசி பாக்க வந்த ஆளுங்ககிட்ட எவன் அதைச் சொல்லுவான்? அந்தச் சண்டையில செத்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்ட். அவன் பேருலதான் ஹல்ஸ்டோர்ப், அதாவது நம்ம ஆளுங்க கேசுக்கு அலையற புதுக்கடை. கோர்ட்டு மூடினதும் அந்தப் பக்கத்துத் தெருவுல கல்லு சூடாகும். ராவெல்லாம் கொத்து, ரொட்டி, பலூடா. பகல்ல சொத்தைத் தின்பாங்க, ராத்திரி சோத்தைத் தின்பாங்க.

வாய்க்கால் தண்ணியைப் பார்த்து மூக்கைப் பொத்தாத. கொஞ்சம் யோசிச்சுப் பாரு. களனி ஆறு நம்ம எட்டியாந்தோட்டையைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகுது. உங்க ஆத்தா துணி தொவைச்ச ஆறு, நீ புத்தகத்தைத் தொலைச்ச ஆறு. அம்பத்தலையில அதைப் புடிச்சு, சுத்தம் பண்ணி, கொழும்புக்காரனுக்குக் குடிக்கக் குடுக்கிறாங்க. ஆகவே, நம்ம வீட்டுப் பக்கத்துத் தண்ணியைத்தான் வழிகாட்டி போத்தல்ல அடைச்சு உன் கையில குடுப்பான். நன்றி சொல்லி வாங்கிக்க.

பேர வாவிப் பக்கம் புறக்கோட்டை பஸ் நிலையத்தை ஒட்டி மிதக்கும் சந்தைன்னு 2014ல திறந்தாங்க. பலகை நடைபாதை, தண்ணி ஓரத்துல கடைகள், பார்க்க அழகு. வெயில் ஏறி, தண்ணி பச்சையாத் திரியிற நாள்ல அங்க உக்காந்து சாப்பிடுறதுக்கு ஒரு தெம்பு வேணும். கொழும்புக்கு 2018ல ராம்சார் ஈரநில நகரம்னு உலகப் பட்டம் கூடக் கிடைச்சது. பட்டத்துக்கு உண்மையான சொந்தக்காரன் கபரகொய்யா, அந்தத் தண்ணி உடும்பு. வாய்க்கால் கரையில வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருப்பான். ஒரு சதம் கட்டாம நகரத்துல எல்லாத்தையும் ருசி பாக்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

நம்ம துரை பங்களாவை ஹோட்டலாக்கினாங்கல்ல, அங்க ஒரு ஒல்லாந்துக்காரன் வந்து தங்கியிருந்தான். அவன் ஊரு ஆம்ஸ்டர்டாம்லயும் இதே வேலை நடக்குதாம். வாய்க்கால் ஓரமா கூட்டிக்கிட்டுப் போய் ருசி காட்டுவாங்களாம். ஹெரிங்னு ஒரு மீனை உப்புல ஊறப்போட்டு, வேக வைக்காம, வெங்காயம் தூவி, வாலைப் புடிச்சு அண்ணாந்து வாயில விடுவாங்களாம். அதுக்கும் காசு. அந்த வாய்க்கால் வளையத்தை 2010ல யுனெஸ்கோவும் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அந்த ஊரு ஒல்லாந்தக் கம்பனிக் கிடங்குல ஒரு காலத்துல அடுக்கி வச்சிருந்த கறுவா நம்ம நாட்டுக் காட்டுல உரிச்சது. அதை நான் அவனுக்குச் சொன்னேன். "அப்படியா"ன்னு கேட்டுட்டு, இன்னொரு பிளேன்டி கேட்டான். நல்ல மனுசன்.

சரி, நடக்கிற வேலைக்கு வருவோம். புறக்கோட்டையில நடுத்தெருவுல நின்னு படம் புடிக்காத. அங்க ராசா நீயும் இல்ல, வழிகாட்டியும் இல்ல. நாட்டாமிதான் ராசா. முதுகுல மூட்டை, முன்னால தள்ளுவண்டி, குனிஞ்ச தலை. அவனுக்கு உன் கால் மட்டும்தான் தெரியும். சத்தம் கேட்டா ஓரம் ஒதுங்கு, இல்லேன்னா அரைமூட்டை பெரிய வெங்காயத்தோட எடை எவ்வளவுன்னு உன் முதுகுக்குத் தெரிஞ்சிடும். அதைத் தாள்ல போடல, இனாம்தான்.

ரெண்டாம் குறுக்குத் தெருவுல சிவப்பும் வெள்ளையுமா வரி போட்ட பள்ளிவாசல் இருக்கு. சம்மாங்கோட்டுப் பள்ளின்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க. 1908ல கட்டத் தொடங்கி மறுவருஷம் முடிச்சது. அங்கதான் எல்லாரும் கழுத்து வலிக்க நிமிந்து பார்ப்பாங்க. அந்த நேரத்துல பையைப் பத்திரமாப் பாத்துக்க. பிறகு ஒல்லாந்தர் அரும்பொருட்சாலை. பிறகு கபோஸ் லேன்ல மூலிகைக் கடை. பிறகு செட்டியார் தெரு. அங்க உன் பொண்டாட்டியை நகைக்கடை இல்லாத பக்கமா நடத்து. அது முடியாது, ரெண்டு பக்கமும் நகைக்கடைதான். அதனால கதிரேசன் கோயிலைக் காட்டி, ஆடிவேல் தேர் இங்கருந்துதான் பம்பலப்பிட்டிப் பக்கம் கிளம்புதுன்னு பேச்சைக் குடுத்துக்கிட்டே வேகமாக் கூட்டிக்கிட்டுப் போயிடு.

இறால் வடை வரும். தட்டையாத் தட்டின பருப்பு வடை மேல இறாலைப் பதிச்சிருப்பான். கடிக்கிறதுக்கு முந்தி இறாலை எண்ணிக்க, பேச்சு கேட்டுக்கிட்டே இருந்தா மச்சான் தின்னுடுவான். உன் பொண்டாட்டிக்கு இறாலை எடுத்துட்டு வடையை மட்டும் குடுப்பாங்க. எழுதினது எழுதினதுதான். அதுக்கு மேல நன்னாரி சர்பத்து. அம்பரலங்காய், மாங்காய், வெரளிக்காய் அச்சாறு. கிம்புலா பனிஸ்னு முதலை உருவத்துல சீனி தூவின பனிஸ் ஒண்ணு. இதெல்லாம் நம்ம அவிசாவளை பஸ் நிலையத்துலயும் கிடைக்கும்னு சத்தமாச் சொல்லிடாத. வழிகாட்டி மனசு ஒடிஞ்சு போவான். பாவம், அவனும் பேருக்கு வேலை செய்றவன்தான்.

லம்பிரைஸ் வந்தா மட்டும் மரியாதையா உக்காந்து தின்னு. அது ஒல்லாந்தனோட பேரப்புள்ளைங்க, பர்கர்னு சொல்ற பறங்கியர் சமைச்சுப் பழகின சாப்பாடு. அவங்களோட சங்கம் 1908ல ஆரம்பிச்சது, பம்பலப்பிட்டிப் பக்கம் இன்னைக்கும் இருக்கு. எலும்புச் சாறுல வேக வச்ச சோறு, ரெண்டு மூணு இறைச்சி கலந்த ஒரு கறி, பொரிச்ச இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, சீனிச்சம்பல், இறால்ல இடிச்ச பிளாச்சான். எல்லாத்தையும் வாழையிலையில மடிச்சு, இலையோட சூளையில வச்சு எடுப்பாங்க. இலையைப் பிரிச்சா வருமே ஒரு மணம், அந்த ஒரு மணத்துக்கே காசு குடுக்கலாம். உங்க தாத்தா ரப்பர் மலையில பால் வெட்டப் போகையில உங்க பாட்டி ரொட்டியையும் நெத்தலியையும் வாழையிலையில மடிச்சுத்தான் குடுப்பா. இடுப்புச் சூட்டுல பத்து மணிக்கு அதுவும் மணக்கும். அதுக்கு ஒல்லாந்தன் பேரு வைக்கல, அதனால யாரும் காசு குடுத்துத் தின்ன வரல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. அந்தக் கறியில என்ன என்ன இறைச்சின்னு நீ கேட்டுத் தெரிஞ்சுக்க, ஆனா வந்து உங்க அத்தைகிட்ட விவரிக்காத. அவ உன்னைக் கிணத்தடியில குளிக்க வச்சுத்தான் வீட்டுக்குள்ள விடுவா.

வழிகாட்டி தப்பாச் சொன்னா திருத்தாத. நீ வாத்தியார், உனக்குக் கை அரிக்கும். கையைக் கட்டிக்க. அவன் சொல்ற வருஷத்தைப் பரீட்சையில யாரும் கேக்கப் போறதில்ல.

ஆனா தேத்தண்ணி விசயத்துல மட்டும் வாயைத் திறக்கலாம்.

கடைசியில கண்டிப்பா ஒரு இடத்துல உக்கார வச்சு, சின்னக் கோப்பையில தேத்தண்ணி குடுத்து, "சிலோன் டீ"ன்னு ஆரம்பிப்பான். நுவரெலியா மலை, பனி, மணம்னு அளப்பான். தேயிலைச் சபை பட்டியல்ல ஏழு வட்டாரம் இருக்கு, அதுல சப்ரகமுவ ஒண்ணு. நாட்டுல விளையற தேயிலையில அரைவாசிக்கு மேல நம்ம சப்ரகமுவ, ருஹுணுப் பக்கத்துத் தாழ்நாட்டுத் தேயிலைதான். ஈராக்காரனும் துருக்கிக்காரனும் ரஷ்யாக்காரனும் கேட்டு வாங்குறது இந்தக் கறுத்த, சாயம் ஏறுற தூளை. படம் புடிக்க மட்டும் நுவரெலியா, குடிக்க நாங்க. இதை நீ மெதுவாச் சொல்லு, கோபப்படாத.

கொழும்புல ருசி பாக்கிறதே உத்தியோகமா ஒரு கூட்டம் நூறு வருஷத்துக்கு மேல இருக்குன்னு அவனுக்குத் தெரியுமான்னும் கேளு. 1883 ஜூலை 30ல கொழும்புல முதல் தேயிலை ஏலம் போட்டாங்க. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் ஏலத்துக்கு முந்தி ருசி பாக்கிற துரைமாருங்க வேலை நிக்கல. 2020ல கொரோனா வந்தப்போ ஏலம் கம்பியூட்டருக்குப் போயிடுச்சு, நாக்கு மட்டும் கம்பியூட்டருக்குப் போகல. நம்ம தோட்டத்துத் தேயிலை இஸ்டோர்ல டீமேக்கர் ஐயா ருசி பாக்கிறதை நான் ஜன்னல் வழியாப் பார்த்திருக்கேன். நீளமான மேசை. வெள்ளைப் பீங்கான் கோப்பைங்க வரிசையா. மூடி போட்ட சின்னச் சட்டியில தூளை எடை போட்டுப் போட்டு, கொதி தண்ணி ஊத்தி, அஞ்சாறு நிமிஷம் மணிக்கூட்டைப் பார்த்து நிப்பாரு. சட்டியைக் கவுத்துச் சாயத்தைக் கோப்பையில வடிச்சு, வெந்த இலையை மூடி மேல தட்டி வச்சுடுவாரு. அதைக் குனிஞ்சு மோந்து, இலை நெறத்தைப் பார்த்து, பிறகு கரண்டியில சாயத்தை மொண்டு ஒரு உறிஞ்சு உறிஞ்சுவாரு பாரு, வெளிய நிக்கிற எனக்கே கேக்கும். நாக்குல, அண்ணத்துல, மூக்கு வரைக்கும் போய் வரும். அடுத்த நொடி, பக்கத்துல இருக்கிற துப்பு தொட்டியில துப்பிட்டு அடுத்த கோப்பைக்குப் போயிடுவாரு. ஒரு சொட்டு தொண்டையில இறங்காது.

விடியக்காலம் பனியில நடந்து, அட்டைக் கடி வாங்கி, ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு கிள்ளி, வாட்டி, உருட்டி, புளிக்க வச்சு, காய வச்சு, சலிச்சு எடுத்த தூளை இப்படித்தான் கொழும்பு துரைமாரும் துப்பினாங்க. துப்பினதுக்குச் சம்பளம். நமக்குக் குடிக்கக் கிடைச்சது சலிச்ச கடைசியில மிஞ்சின டஸ்டு. நீ காசு குடுத்து முழுங்கப் போறே. ரெண்டு பேருல யாரு புத்திசாலின்னு உன் வகுப்புப் புள்ளைங்ககிட்ட கேட்டுப் பாரு.

இதெல்லாம் விளையாட்டு. இனிச் சொல்றதை மட்டும் காதுல வாங்கிக்க.

நீங்க நிக்கிற கடை எதுலயும் சாப்பாட்டை மட்டும் பாக்காத, கொஞ்சம் கழுத்தை நீட்டி உள்ள பாரு. கொத்து ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்துல ஒரு பெரிய தட்டம் இருக்கும். எண்ணெயில ஊறின மாவு உருண்டைங்க வரிசையாக் கிடக்கும். ஒரு பையன் ஒண்ணை எடுத்துப் பலகையில தட்டி, ரெண்டு கையாலயும் வீசுவான். உள்ளங்கை அளவு உருண்டை துண்டு அளவுக்கு விரிஞ்சு, பின்னால இருக்கிற சுவரு தெரியிற அளவுக்கு மெலிசாயிடும். கிழியாது. இன்னொருத்தன் ரெண்டு தகட்டையும் புடிச்சு, ரொட்டி, முட்டை, லீக்ஸ், கறின்னு கொத்துவான். வெளிய நிக்கிறவனுக்கு அது தாளம். வழிகாட்டி உங்களைக் கைதட்டச் சொல்லுவான், உன் மச்சான் வீடியோ எடுப்பான். அந்தப் பையனோட முழங்கை வரைக்கும் பாரு. எண்ணெய் தெறிச்ச பொட்டுங்க, புதுசு, பழசு, ஆறினது, ஆறாதது. பத்து மணி நேரம் நின்ன காலு. பனியன் முதுகோட ஒட்டியிருக்கும்.

அவன் பக்கத்துல போய் மெதுவா, "தம்பி, எந்தத் தோட்டம்?"னு கேளு. பத்துக்கு ஏழெட்டு தடவை உனக்குப் பதில் கிடைக்கும். தெரணியகலைம்பான், தெஹியோவிட்டம்பான், பலாங்கொடைம்பான், பொகவந்தலாவைம்பான். ஊரைச் சொன்ன உடனே அவன் முகம் ஒரு நிமிஷம் மாறும். நம்ம தோட்டத்துப் பையனே ஒருத்தன் நின்னாலும் நிப்பான், உன்கிட்ட அஞ்சாம் வகுப்புப் படிச்சவன். அவன் உன்னைக் கண்டுக்காத மாதிரி திரும்பிக்கிட்டா நீயும் கண்டுக்காத. பத்தாம் வகுப்போட நிறுத்திட்டு வந்ததை வாத்தியார் முன்னால எவன் சொல்லுவான்? வழிகாட்டி சொல்ற கதையில பறங்கி வருவான், ஒல்லாந்தன் வருவான், அரபுக்காரன், மலாயன், மேமன், செட்டியார் எல்லாரும் வருவாங்க. ஆளாளுக்கு ஒரு பலகாரத்தைக் கொழும்புக்குக் குடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்லுவான். அத்தனையும் உண்மை. ஆனா அந்த அத்தனை பலகாரத்தையும் இன்னைக்கு எந்தக் கை உருட்டுதுன்னு அவன் சொல்ல மாட்டான். அவனுக்குத் தெரியாம இல்ல. அதுக்கு யாரும் டாலர் குடுக்க மாட்டாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பே. உங்க மாமனும் பதினாலு வயசுல புறக்கோட்டையில ஒரு சாப்பாட்டுக் கடையில இலை எடுத்தவன்தான். கடை பேரு வேணாம், முதலாளி செத்துட்டாரு, கடையும் இப்போ போன் விக்கிது. ருசி பாக்கிற வேலை எங்களுக்கும் இருந்துச்சு. முதலாளி கல்லாப் பக்கம் திரும்புற நேரத்துல. பொரியல் சட்டி ஓரத்துல ஒரு விரல், குழம்புல ஒரு விரல். பத்து வகை ருசி பார்த்துடுவேன், ஒண்ணைக் கூட முழுசாத் தின்னது இல்ல. உன் தாள்ல போட்டிருக்கிற முறைக்கு நாங்கதான் முன்னோடி.

அதுக்கு முந்தி நடந்த நடையை உன் தலைமுறைக்கு யாரும் சொல்லித் தரல. 1973, 1974ல தோட்டங்கள்ல பஞ்சம் வந்துச்சு. ரேஷன் மாவைக் கொறைச்சாங்க, வேலை நாளையும் கொறைச்சாங்க. மரவள்ளி தோண்டின குழியில திரும்பத் திரும்பத் தோண்டிப் பார்த்தோம். பலாக்கொட்டை அவிச்சுத் தின்னோம். லயத்துல கெழவங்களும் கைப்புள்ளைங்களும்தான் முதல்ல போனாங்க. கொஞ்சம் நடக்கத் தெம்பு இருந்தவங்க கொழும்புக்கு எறங்கினாங்க. புறக்கோட்டையில கடை கடையா நின்னாங்க. ஒவ்வொரு கடையிலயும் ஒரு வாய் கிடைச்சா உண்டு. குடை புடிச்சு முன்னால யாரும் நடக்கல. உன் வழிகாட்டியோட வரைபடத்துல இருக்கிற அதே தெருக்கள்தான், பேரு கூட மாறல. இதை அங்க வச்சுச் சொல்லாத. ருசி பாக்க வந்தவங்களுக்கு வயித்தைக் கலக்கும்.

அதுக்காகப் போகாதேன்னு சொல்றேனா? போ. நல்லாப் போ. காசு கட்டினவன் கடைசி வாய் வரைக்கும் தின்னணும், பாதியில "போதும்"னு பெரிய மனுசத்தனம் காட்டாத. வழிகாட்டி நல்லாப் பேசினா அவனுக்கும் ஏதாவது குடு. கேள்வி கேளு, சிரி, உன் பொண்டாட்டி கையைப் புடிச்சிக்கிட்டு ரோட்டைக் கட.

ஆனா ஒண்ணு. கொத்துக் கல்லுல நிக்கிற பையனுக்கு ஏதாவது குடுக்கிறதா இருந்தா பில்லுல சேர்த்து வைக்காத, கல்லா மேல இருக்கிற உண்டியல்லயும் போடாத. அது எந்தப் பக்கம் போகும்னு இலை எடுத்தவனுக்குத் தெரியும். பின்பக்கம் தண்ணித் தொட்டிக்கிட்ட அவன் கை கழுவ வருவான், அப்போ மடிச்சுக் கையில வையி. முதலாளி பாக்காம. நூறு ரூபாய்க்குக் கொறைஞ்சு குடுத்தா எந்தத் தோட்டம்னு அவன் திருப்பிக் கேப்பான். அப்போ நம்ம தோட்டத்துப் பேரைச் சொல்லிடாத, நுவரெலியான்னு சொல்லு.